ஒரு காது திடீரென்று அடங்கினால்: அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு

காலையில் வழக்கமாக வைக்கும் காதில் போனை வைத்தால் எதிர்முனையில் சத்தமே இல்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறு காதுக்கு மாற்றினால் பேச்சு கணீரென்று கேட்கிறது. திடீர் செவித்திறன் இழப்பைப் பலர் கண்டுகொள்வது இப்படித்தான். வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சலும் இல்லை. காது அடைத்தாற்போல இருக்கிறது, உள்ளே ஙொய்யென்று இரைச்சல், சிலருக்குத் தலைச்சுற்றல். அடைப்புதானே, குறும்பியாக இருக்கும், சளி இறங்கியிருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி விட்டுப் பார்ப்பதில் நான்கைந்து நாள் போய்விடும். காதுக்கு அந்த நான்கைந்து நாள் மிகப் பெரிய நஷ்டம்.

அவர் இதய வால்வு மாற்றியவராகவோ, காலில் ரத்தம் உறைந்து சிகிச்சை எடுப்பவராகவோ, இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவராகவோ இருந்தால் இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். தினமும் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரைதான் காதைக் கெடுத்ததோ, நிறுத்திவிடலாமா? அந்த மாத்திரை சாப்பிடாத இன்னொருவர் நேரெதிராக யோசிப்பார்: காதுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கும், எகோஸ்பிரின், அதாவது ஆஸ்பிரின் போட்டால் திறந்துவிடாதா? இரண்டு எண்ணங்களுக்கும் உடற்கூற்றில் ஓரளவு அடிப்படை இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஆபத்தானவை.

முதலில் ஒரு விலக்கு. காது கேட்காமல் போனதோடு பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, வாய் ஒருபக்கம் கோணுவது, நாக்குக் குழறுவது, முகம் மரத்துப்போவது, ஒரு கை சொன்னபடி கேட்காதது, பிடிமானமில்லாமல் நிற்கவே முடியாதது, இதுவரை வராத கடுமையான தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காது டாக்டரைத் தேட வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி உள்ள அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உட்காதுக்கு ரத்தம் கொடுக்கும் தமனி பெரும்பாலும் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் போகும் ஒரு தமனியின் கிளைதான். அந்தத் தாய்த் தமனி அடைத்தால் பக்கவாதத்தின் முதல் அறிகுறியாகவே காது அடங்கலாம். மாத்திரை சாப்பிடுபவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று சிடி எடுத்துப் பார்த்துவிடுவார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகப் பின்மூளைப் பக்கவாதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதியின் ஆரம்ப அடைப்பு சிடியில் அடிக்கடி தவறிவிடும், எம்ஆர்ஐ தேவைப்படும்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, காது மட்டும்தான் என்றால் மேலே படிக்கலாம்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று சொல்லிப் பழகிவிட்டோம். எந்த மாத்திரையும் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. அசிட்ரோம் என்ற பெயரில் கிடைக்கும் அசெனோகூமரால், வார்ஃபரின் ஆகிய இரண்டும் கல்லீரலில் வேலை செய்கின்றன. வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் தயாரிக்கும் உறைதல் காரணிகள் 2, 7, 9, 10 ஆகியவற்றின் உற்பத்தியை அவை குறைக்கின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காரணிகளை அவை தொடுவதில்லை. அந்தப் பழைய சரக்கு தீர்ந்தால்தான் மாத்திரையின் விளைவு தெரியும். 7-ஆம் காரணி ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். 2-ஆம் காரணி பாதியாக இரண்டரை நாள் போல ஆகும். வார்ஃபரின் மனிதர்களுக்கு வருவதற்கு முன் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதைத் தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் கழித்துச் செத்ததற்கும் இதுதான் காரணம்.

இந்தத் தாமதத்தைப் புரிந்துகொண்டால் "இன்று ராத்திரி மாத்திரையை விட்டுவிடலாம்" என்ற யோசனை எவ்வளவு தவறென்று தெரியும். காதுக்குள் ரத்தம் கசிந்திருந்தால் இன்றிரவு மாத்திரையை விடுவதால் இன்றிரவுக் கசிவு நிற்காது. நாளை மறுநாள் வால்வுதான் பாதுகாப்பில்லாமல் நிற்கும். அசெனோகூமரால் பத்து மணி நேரத்தில் உடம்பில் பாதியாகிவிடும், அதனால் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், தரைக்கு வந்துவிடும். வார்ஃபரினுக்குச் சுமார் ஐந்து நாள். உலோக வால்வின் தகட்டில் ரத்தக்கட்டி பிடித்தால் தகடு சிக்கிக்கொள்ளும். கட்டி பிய்த்துக்கொண்டு போனால் மூளையில் அடைக்கும். ஒரு காதுக்குப் பயந்து பேச்சையும் கைகாலையும் பணயம் வைக்கக் கூடாது. ஐஎன்ஆர் மிக அதிகமாக இருந்தால் ஒரு வேளை மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்வதோ, வைட்டமின் கே கொடுப்பதோ, அளவைக் குறைப்பதோ மருத்துவமனையில் எண்ணைப் பார்த்துவிட்டு இதய மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

டாபிகாட்ரான், ரிவாராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளின் கதை வேறு. அவை ரத்தத்தில் இருக்கும் காரணியையே நேரடியாகத் தடுக்கின்றன, சுமார் அரை நாளில் பாதியாகிவிடுகின்றன. ஒரு வேளை, இரண்டு வேளை விட்டாலே பாதுகாப்பு போய்விடும். இவற்றுக்கு ஐஎன்ஆர் சரியான அளவுகோலும் அல்ல. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதே முக்கியம். "அசிட்ரோமால்தான் காது போச்சு, புது மாத்திரைக்கு மாத்திக்கொடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை ரத்தக்கட்டி, ரத்தக்கசிவு இரண்டும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2013-இல் வந்தது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இதயத் துடிப்பும் தாறுமாறானவர்களில் ரிவாராக்சபானைவிடப் பழைய மாத்திரையே மேலானது என்று 2022-இல் தெரியவந்தது. நம் ஊரில் இளம் வயதிலேயே வால்வு மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள்தான் வருவார்கள்.

இனி காதுக்கு வருவோம். உட்காதின் தமனி முட்டுச்சந்து போன்றது. அது அடைத்தால் மாற்றுவழியில் ரத்தம் வந்து சேராது. 1950களின் இறுதியில் கினிப் பன்றிகளில் இந்தத் தமனியை அழுத்தி மூடிப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கேட்கும் மயிர்செல்கள் மீளாத சேதத்துக்குப் போயின. ரத்தக்கட்டிக் கொள்கைக்கு இது வலுவான ஆதாரம்போலத் தோன்றும். ஆனால் யோசித்தால் இதுவே அதற்கு எதிரான ஆதாரமும்கூட. திடீர் செவித்திறன் இழப்பு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்குவரை சிகிச்சை இல்லாமலேயே ஓரளவாவது தேறுகிறார்கள், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். முழு அடைப்பில் செத்துப்போன காது அப்படித் திரும்பி வராது. அடைப்பு வந்த காதில் பின்னாளில் உட்காதுக் குழி நார் படிந்து எலும்பாகிவிடும். இந்த நோய் வந்து, பிற்பாடு வேறு காரணத்தால் இறந்தவர்களின் காதெலும்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த அடையாளம் பெரும்பாலும் இல்லை. வைரஸ், நோய் எதிர்ப்பாற்றலின் தடுமாற்றம், ரத்த ஓட்டக் குறைவு என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். நூற்றில் தொண்ணூறு பேருக்குக் காரணம் பிடிபடுவதில்லை என்பதே உண்மை.

ஆகவே மாத்திரை சாப்பிடாதவர் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ வாங்கிப் போடுவதில் பொருளில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துகளையும், ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகளையும் இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்றே அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. காதிரைச்சலுக்கென்று எழுதப்படும் ஜின்கோ, பென்டாக்சிஃபிலின் இரண்டும் ஏற்கெனவே அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. சீட்டில் இவை இருந்தால் "நான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

மறுபக்கம், மாத்திரையால் காது போகுமா? போகும், ஆனால் அரிது. ஐஎன்ஆர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும்போது உட்காதின் திரவ அறைக்குள் ரத்தம் கசிந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. அப்படி வந்தால் பெரும்பாலும் இழப்பு கடுமையாக இருக்கும், கூடவே தலைச்சுற்றலும் வாந்தியும் வரும், கேட்கும் திறன் திரும்புவது கடினம். ஐஎன்ஆர் தானாக அப்படி ஏறுவதில்லை. முந்தைய பத்து நாளைத் தோண்டினால் எதாவது அகப்படும்: வயிற்றுப்போக்குக்குச் சாப்பிட்ட மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்குக் கொடுத்த ஃப்ளூகோனசோல், வாய்ப்புண்ணுக்குத் தடவிய மைகோனசோல் ஜெல், இதயத்துடிப்புக்குத் தொடங்கிய அமியோடரோன், காய்ச்சலுக்குத் தொடர்ந்து நாலைந்து நாள் போட்ட பாராசிட்டமால், அல்லது சாப்பாடே இறங்காத ஒரு வாரம். கீரையைப் பற்றி ஒரு வார்த்தை: முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லும் பழக்கம் தவறு. வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடுபவர் எப்போதும் இரண்டு முறையே சாப்பிட்டால் மாத்திரையின் அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். திடீரென்று நிறுத்தினால்தான் ஐஎன்ஆர் ஏறும்.

ஆஸ்பிரினும் காதைப் பாதிக்கும், ஆனால் வேறு விதமாக. ருமாட்டிக் காய்ச்சலுக்குக் கொடுப்பதுபோல் நாளுக்குப் பல கிராம் போகும்போது இரு காதிலும் இரைச்சல் வந்து, கேட்பது மந்தமாகும். மருந்தைக் குறைத்தால் சில நாளில் சரியாகிவிடும். இதயத்துக்குத் தரும் 75 மில்லிகிராமுக்கு அந்த வலிமை இல்லை. ஒரு காது மட்டும் ஒரே இரவில் அடங்கியதற்கு எகோஸ்பிரின் 75-ஐக் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று நீளமாக முனக வேண்டும். முனகல் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ, அதாவது குறும்பி, சளி, நீர் போன்றவற்றில் இருக்கலாம். முனகல் நல்ல காதுப் பக்கமே போய் நின்றால் உட்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே காது டாக்டரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து "எந்தப் பக்கம் கேட்குது?" என்று கேட்பதும் இதே கணக்குதான். முனகல் சோதனை குறும்பி என்று காட்டினாலும், குறும்பி எடுத்த பிறகும் காது திறக்காவிட்டால் அங்கேயே ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, கேளுங்கள். குறும்பியும் உட்காதுக் கோளாறும் ஒரே காதில் இருக்கத் தடையில்லை.

ஆடியோகிராம் தாளைப் படிக்கத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இடமிருந்து வலமாக 250-இல் தொடங்கி 8000 ஹெர்ட்ஸ்வரை சுருதி ஏறும். மேலே 0, கீழே போகப் போக 120 டெசிபல். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் மோசம். வலக்காது சிவப்பு வட்டம், இடக்காது நீலப் பெருக்கல் குறி. அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ, மூன்று நாளுக்குள் இறங்கியிருந்தால் அதுவே இந்த நோயின் இலக்கணம். பழைய ஆடியோகிராம் இல்லாதவருக்கு மறு காதுதான் ஒப்பீடு. இந்தத் தாளின் நகல் கையில் இருக்கட்டும். பின்னால் தேறியதா இல்லையா என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

அன்றே ஐஎன்ஆரும் எடுக்க வேண்டும். நீலமூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதில் ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லி இருந்தால் 2.7 மில்லி ரத்தம், அதாவது ஒன்றுக்கு ஒன்பது, கோடுவரை நிரம்ப வேண்டும். நரம்பு அகப்படாமல் பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறையும் நேரம் நீண்டு, ஐஎன்ஆர் இல்லாத உயரத்தைக் காட்டும். எண் எதிர்பாராத அளவுக்கு ஏறியிருந்து உடம்பில் வேறெங்கும் கசிவு இல்லையென்றால், அளவை மாற்றும் முன் புதிதாக ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். இதயத் துடிப்புக் கோளாறு, கால் ரத்தக்கட்டி, இப்போதைய இரட்டைத் தகடு மகாதமனி வால்வு ஆகியவற்றுக்கு வழக்கமான இலக்கு 2 முதல் 3. மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே) உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5. அசாதாரணம் என்று ஆய்வகம் தடித்த எழுத்தில் அடிப்பது மாத்திரை சாப்பிடாதவரின் 1-ஐ ஒப்பிட்டு. அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

எம்ஆர்ஐ இரண்டு காரணத்துக்காக வேண்டும். ஒன்று, கேட்கும் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. திடீரென்று காது அடங்கிய சிலரிடம் அது இருக்கும். இன்னொன்று, உட்காதில் ரத்தம். சாதாரண சிடியில் அது தெரியாது. சாய மருந்து ஏற்றும் முன் எடுக்கும் டி1 படத்தில் உட்காது வெள்ளையாக ஒளிர்ந்தால் ரத்தக்கசிவு சந்தேகம். கசிந்த முதல் ஓரிரு நாளில் அந்த வெண்மை வராமலும் போகலாம், ரத்தம் நிறம் மாறச் சில நாள் வேண்டும். ஸ்கேன் சீட்டிலேயே "ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர், உட்காது ரத்தக்கசிவு பார்க்கவும்" என்று மருத்துவர் எழுதினால் படம் பார்ப்பவர் அந்த இடத்தைக் குறிவைத்துப் பார்ப்பார். உலோக வால்வு இருந்தால் எம்ஆர்ஐ கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். இப்போது புழக்கத்தில் உள்ள செயற்கை வால்வுகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம், வால்வு அட்டையைக் கொண்டுபோனால் போதும். பேஸ்மேக்கர் இருந்தால்தான் அதன் மாதிரி எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சை என்று கையில் இருப்பது ஸ்டீராய்டு. அதன் பலன் மிகப் பெரிது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் வாய்ப்பு உண்டு, முதல் சில நாளில் தொடங்கினால் இன்னும் நல்லது. வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பிரட்னிசோலோன், உச்சவரம்பு 60. காலையில் சாப்பிட்ட பிறகு மொத்தமாக ஒரே வேளை, பத்து முதல் பதினான்கு நாள், பிறகு படிப்படியாகக் குறைப்பது. இதைவிட நான்கு மடங்கு ஏற்றினால் நல்லதோ என்று ஜெர்மனியில் செய்த பெரிய ஆய்வில் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது, 2024-இல் வெளியானது.

அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இந்த ஸ்டீராய்டால் ஐஎன்ஆர் பெரும்பாலும் ஏறும். அதனால் தொடங்கிய மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை, நிறுத்தியபின் இன்னொருமுறை ஐஎன்ஆர் பார்ப்பது அவசியம். நிறுத்தியபின் பார்ப்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டுக்காகக் குறைத்த மாத்திரை அளவு அப்படியே நின்று, ஐஎன்ஆர் 1.5-க்கு இறங்கி, வால்வு வெறுமையாக நிற்பது அப்போதுதான். வயிற்றைக் காக்கப் பேன்டோப்ரசோல் போதும். குளோபிடோக்ரலும் சாப்பிடுபவர் ஒமெப்ரசோலைத் தவிர்ப்பது நல்லது, அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை வலி மாத்திரைகள் எதுவும் வேண்டாம். மலம் கறுத்து, தார்போல ஒட்டினால் அன்றே மருத்துவமனை.

சர்க்கரை நோய் உள்ளவருக்கும், ஐஎன்ஆர் அடங்காமல் ஆடுபவருக்கும் இன்னொரு வழி நல்லது: ஸ்டீராய்டை நேராக நடுக்காதில் ஊசியாகப் போடுவது. வாய்வழி 60 மில்லிகிராமையும் காதில் போடும் மெத்தில்பிரட்னிசோலோனையும் 250 பேரிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2011-இல் வந்தது. காது ஊசி குறைந்ததல்ல என்றது. படுக்கவைத்து, நல்ல காது கீழே இருக்கும்படி தலையைத் திருப்பி, செவிப்பறையின் ஒரு புள்ளியை மட்டும் மரக்கவைத்து, மெல்லிய ஊசியால் அரை மில்லி அளவு மருந்தைச் செலுத்துவார்கள். மருந்து உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த மருந்து போனால் அறையே சுழலும். பிறகு இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பேசவோ எச்சில் விழுங்கவோ கூடாது. விழுங்கினால் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். இரண்டு வாரத்தில் நான்கு ஊசி என்பது வழக்கம். செவிப்பறைத் துளை மிகச் சிறியது. ஐஎன்ஆர் இலக்குக்குள் இருந்தால் இதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டிய தேவை சாதாரணமாக வராது. "ஊசி போடணும், அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் இதய மருத்துவரிடம் பேசச் சொல்லிவிட்டு, அவர் ஒப்பாமல் நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை பலன் தராதபோது இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரைகூட இந்த ஊசியை முயன்று பார்க்கலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும் (அசிட்ரோம் 1, 2, 3, 4 என்று பல அளவில் வருகிறது, "பாதி மாத்திரை" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காது), எதற்காகச் சாப்பிடுகிறீர்கள், கடைசியாகப் போட்ட நேரம், கடைசி மூன்று ஐஎன்ஆர் தேதியோடு, கடந்த இரண்டு வாரத்தில் புதிதாகச் சேர்ந்த எந்த மருந்தும், காது அடங்கியதை முதலில் உணர்ந்த நாளும் நேரமும்.

ஆறு மாதம் கழித்து எடுக்கும் ஆடியோகிராம்தான் மீண்டது எவ்வளவு என்று சொல்லும். மீளாத காதுக்கு, அந்தப் பக்கச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் கருவி முதல் காக்ளியர் இம்ப்ளான்ட்வரை வழிகள் இருக்கின்றன.

அதுவரை தலைச்சுற்றல் உள்ளவர்கள் ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து நடக்க வேண்டும். உட்காது கெட்டவருக்கு இருட்டில் சமநிலைக்குக் கண்ணும் துணைவராது. விழுந்து தலையில் அடிபட்டால் காயம் இல்லை, ரத்தம் இல்லை, வலிகூட இல்லை என்றாலும் அந்த இரவிலேயே சிடி எடுத்துவிடுங்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவருக்கு மண்டைக்குள் கசிவு மெதுவாக, பல மணி நேரம் கழித்தும் வெளிப்படும். முதல் சிடி சுத்தமாக இருந்தாலும் அடுத்த ஒரு நாள் முழுக்க வீட்டில் ஒருவர் கூடவே இருந்து, தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.